கிடைக்குள் சிறுத்தை

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன் அடிவார ஊர்களில் ஆடு வளர்ப்பவர்கள் சிறுத்தையையும் ‘புலி’ என்றே சொல்கிறார்கள். மணிமுத்தாற்றுக்கு அருகே ஒரு செம்மறிக் கிடையில் அந்தப் புலி இறங்கிய மறுநாள், வனவிலங்கு ஆய்வாளர்கள் இருவருடன் நானும் சென்றேன்.

“தின்னது ஒண்ணு, கொன்னது மூணு தம்பி” என்றார் கிடைக்காரர். ஆய்வாளர் ஒரு ஆட்டின் கழுத்து மயிரை விலக்கி, தொண்டையில் ஆழமாக இறங்கியிருந்த பல் துளைகளைக் காட்டினார். வரப்பின் ஈரமண்ணில் பதிந்திருந்த காலடியில் நகக்குறி இல்லை. நாயின் தடத்தில் அது பெரும்பாலும் தெரியும். அடைபட்ட ஆடுகள் ஓட வழியின்றி முட்டி மோதும்போது, பசிக்கு வேண்டியதற்கு மேலும் சிறுத்தை அடித்துவிடுகிறது என்று அவர் விளக்கினார்.

“புடிச்சிட்டுப் போயி எங்கயாவது விட்டுற வேண்டியதுதான அண்ணாச்சி?” என்று கிடைக்காரர் ஆய்வாளரிடம் கேட்டது நியாயமான கேள்வி. மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில் 2001 முதல் 2003 வரை அப்படித்தான் செய்தார்கள். ஆனால், மனிதர்கள் மீதான தாக்குதல் ஆண்டுக்குச் சராசரியாக 4-லிருந்து 17-ஆக உயர்ந்ததை வனவிலங்கு உயிரியலாளர் வித்யா ஆத்ரேயாவின் குழு பதிவு செய்திருக்கிறது. ஆகவே விலங்கை நகர்த்துவதைவிடக் கிடையைப் பலப்படுத்துவதே வழி என்று நானும் நம்புகிறேன்.

அதில்தான் சிக்கல் இருக்கிறது. நிலையான தொழுவாக இருந்தால் கூரை போட்டுக் கதவை இறுக்கிவிடலாம். அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காகக் கிடை அமர்த்துபவர் சில நாளுக்கொரு முறை இடம் மாறுகிறார், அவரிடம் இருப்பது ஒரு கயிற்று வலை மட்டுமே. சிறுத்தை அதைத் தாண்டிக் குதிக்கும். காவலுக்கு நாய் வைத்தாலோ, சிறுத்தைக்கு நாயும் இரைதான். கழுத்தில் முள்பட்டை கட்டினாலும் ஓரளவுக்கே பயன். கழற்றி மாட்டக்கூடிய கம்பிவலைச் சட்டங்களால் நான்கு புறமும் மேலேயும் மூடுவதே ஆய்வாளர்கள் முன்வைத்த யோசனை. அதன் செலவைக் கிடைக்காரர் தலையிலேயே கட்டிவிட்டு, காட்டைக் காக்கிறோம் என்று பேசுவது முறையாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

இருவர் தூக்கும் எடையை மீறக்கூடாது என்பது கிடைக்காரரின் நிபந்தனை. மாதிரிக்கு ஆய்வாளர்கள் கொண்டுவந்திருந்த சட்டம் ஒன்றின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானுமாகப் பிடித்து, வரப்பு வழியே அடுத்த வயல் வரை நடந்து பார்த்தோம். பாதி வழியில் இறக்கி வைத்து, “இன்னும் கொஞ்சம் எடை குறையணும்” என்றார்.