ஹெரால்டின் பழைய நிறத்தைக் காப்பாற்றும் வேலை

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்த நான்கு கதவு ஹெரால்டு கார் ஒன்றை மீட்டெடுத்து வருகிறேன். பாடி வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பிரிட்டனில் ஹெரால்டு சலூன், அதாவது நிலையான கூரை கொண்ட வகை, இரண்டு கதவுகளோடுதான் வந்தது. நான்கு கதவு வடிவம் இங்கே உருவானது என்பதால், பின்கதவு ஒன்று கெட்டுப்போனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வழியில்லை. இருப்பதைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இங்கிருந்துதான் வந்தது.

நான் இந்த வேலையில் இறங்கிய காலத்தில், பழைய காரைச் சரிசெய்வது என்றால், பெயின்ட் முழுவதையும் சுரண்டி, பட்டி பூசி, முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும் புது நிறம் அடித்து, கண்ணில் படும் உலோகத்துக்கெல்லாம் குரோம் முலாம் பூசுவது என்றே பொருள். வேறு காரின் எஞ்சினைப் பொருத்துவதுகூடக் கெட்டிக்காரத்தனமாகக் கருதப்பட்டது. இன்று அந்தப் பார்வை மாறியிருக்கிறது. அமெரிக்காவின் பெபிள் பீச் பழைய கார் கண்காட்சியில் மீட்டெடுக்கப்படாத கார்களுக்கெனவே தனிப் பிரிவு உண்டு. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற டுரின் சாசனம், புதுப்பிப்பதைவிடப் பாதுகாப்பதற்கே முதலிடம் தருகிறது. மாற்றிய பாகங்களில் அழியாத அடையாளம் இட வேண்டும் என்றும் அது சொல்கிறது.

என் வண்டியின் பானெட்டில் வெளிர் நீலம் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்திருந்தது. பருத்தித் துணியில் மென்மையான பாலிஷைத் தொட்டு, உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்தபோது அடியிலிருந்து பழைய நீலம் எழுந்து வந்தது. கதவின் ரப்பர் பீடிங்கைக் கழற்றிப் பார்த்தால், வெயில் படாத அதே நிறம் அங்கே கோடாக இருந்தது. "சார், ஒரு கோட்டாவது அடிச்சிடலாமே" என்று பெயின்டர் மன்றாடினார், நான் சம்மதிக்கவில்லை.

அதற்காகத் துருவையும் அழகென்று விட்டுவைப்பதை நான் ஏற்கவில்லை. ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. பாடிப் பகுதிகள் அதன்மேல் போல்ட் போட்டு இணைக்கப்பட்டவை. ஆகவே அரித்துப்போன கதவடிப் பட்டையை மட்டும் கழற்றி, புதுத் தகட்டை வளைத்துப் பொருத்தி, அதன் உட்புறத்தில், மாற்றிய ஆண்டை எண் அச்சுக் கருவியால் (பஞ்ச்) அடித்து வைத்தேன். எஞ்சினிலும் சில மாற்றங்களுக்கு இடம் கொடுத்தாக வேண்டும். தேய்மானத்தைத் தடுத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுபோனதால், எஞ்சினின் மேல்பகுதியான வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே கடைந்த வால்வு இருக்கைகள் (வால்வுகள் வந்து அமரும் வளையங்கள்) தேய்ந்துகொண்டே போகும். எனவே லேத் பட்டறையில் கடினமான இருக்கைகளைப் பதித்தோம். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்குப் பழைய ரப்பர் குழாய்கள் தாங்காது என்பதால் அவற்றையும் மாற்றினேன். இவை எதுவும் வெளியே தெரியாதவை. குழாய்களை எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டைத் தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளே விண்டேஜ் பதிவுக்குத் தகுதி பெறும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்குப் பெரும் நிம்மதி. அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். பிரேக் வீல் சிலிண்டர்களுக்குப் புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையில் சொல்லி வைத்திருக்கிறேன். அவை வந்து சேர்ந்ததும் விண்ணப்பிப்பேன்.