தேக்கிலை பதிந்த மண் தட்டு

என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், மிஷின் பக்கத்தில் இருக்கும் மண் தட்டுகளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் போவதில்லை. பித்தான், கொக்கி, குண்டூசி எல்லாம் அவற்றில்தான் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் தேக்கிலை, ஒன்றில் பூவரசு, இன்னொன்றில் முருங்கைக் கொத்து என்று நரம்பு நரம்பாகப் பதிந்திருக்கும். எங்கே வாங்கியது என்று கேட்பார்கள். வீட்டில் செய்தது என்றால், எப்படி என்று அடுத்த கேள்வி வரும். அளவெடுக்கிற நேரத்துக்குள் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் மண். சுடாமலே காற்றில் இறுகும் களிமண் இப்போது பாக்கெட்டில் வருகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு மத்தியானம் செய்து பார்க்க அது நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் இருப்பது சேரன்மகாதேவியில். அம்பாசமுத்திரம் போகிற ரயிலில் ஏறினால் அடுத்தது காருகுறிச்சி. நாதஸ்வரம் அருணாசலத்தின் ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். எங்களுக்கு அது பானைக்கும் சட்டிக்குமான ஊர். அந்த மண்ணைக் கையில் பிசைந்து பழகிவிட்டால் பாக்கெட் மண்ணுக்கு மனசு போகாது.

குளத்தில் நாமே போய் மண் வெட்டிக்கொண்டு வர முடியாது, அதற்கு அனுமதி வேண்டும். பானை செய்கிறவர்களிடம் மிதித்துப் பதமாக்கிய மண்ணாகவே வாங்கிக்கொள்வதுதான் சரி. வெறும் களிமண்ணாக இருந்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும். அவர்கள் மண்ணை ஊறவைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, பொடிமணல் கலந்து, காலால் மிதித்து வைத்திருப்பார்கள். அந்த மணல்தான் ஈரம் வெளியே வர வழி விடுகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஈரத்துணியில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வைத்தால் பல நாள் பதம் மாறாது. பதம் தெரிய, சுண்டுவிரல் தடிமனில் ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். மேலே கீறல் விழுந்தால் தண்ணீர் தெளித்து மறுபடி பிசைய வேண்டும். விரலில் ஒட்டினால் கொஞ்ச நேரம் ஆறப் போட வேண்டும்.

பிசையும்போது காற்று உள்ளே தங்கக் கூடாது. நான் உருண்டையை நூலால் இரண்டாக அறுத்து, ஒன்றின் மேல் ஒன்றை ஓங்கிப் போட்டு, திரும்ப அறுப்பேன். அறுத்த முகத்தில் பொத்தல் தெரியாத வரைக்கும் இப்படியே.

பரத்துவதற்குத் துணி வேண்டும். தரையிலோ பலகையிலோ நேராகப் பரத்தினால் ஒட்டிக்கொண்டு வராது. பழைய காட்டன் வேட்டித் துண்டு நல்லது. பாலியெஸ்டர் வேண்டாம், ஈரத்தை இழுக்காது. உருண்டையைத் துணியின் நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் கால் அங்குலம் கனமுள்ள மரச்சட்டம் வைத்து, சப்பாத்திக் கட்டை அந்தச் சட்டங்களின் மேல் உருளும்படி தேய்த்தால் எல்லா இடமும் ஒரே கனமாக வரும். கனம் ஒரே மாதிரி இல்லாவிட்டால் மெல்லிய இடம் முதலில் காய்ந்து, கனமான இடத்தைப் பிடித்து இழுக்கும். கீறல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

அளவு பற்றி ஒன்று. காய்ந்து, சுட்டு வரும்போது தட்டு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். தையலுக்குத் துணி விட்டு வெட்டுகிற மாதிரி, வேண்டிய அளவுக்கு மேல் கொஞ்சம் விட்டுத்தான் வெட்ட வேண்டும்.

இனி இலை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த வேலையே இலை தேடுவதுதான். பெரும்பாலும் எந்த இலைக்கும் கீழ்ப்பக்கம்தான் நரம்பு புடைத்திருக்கும். அதனால் கீழ்ப்பக்கம் மண்ணில் படும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். பார்க்க அழகான இலை எல்லாம் நன்றாகப் பதியாது. வெற்றிலை பளபளப்பாக இருந்தாலும் தடம் மெலிவாகத்தான் விழும். கற்பூரவல்லி சதைப்பற்றானது, அழுத்தினால் சாறு கசிந்து நசுங்கிப் போகும். முடக்கத்தான் அவ்வளவு மெல்லியது, மண்ணுக்கு அது இருப்பதே தெரியாது.

முருங்கை நன்றாக வரும், ஆனால் முற்றிய கொத்தாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். வேப்பிலைக்கு ஓரத்தில் இருக்கும் ரம்பப் பல் ஒவ்வொன்றும் தெரியும். அரச இலையின் வால் நீளமாக இருப்பதால் அதை வைக்க நீளவாக்கில் தட்டு வெட்டுவேன். ஆமணக்கு இலையில் நடுவிலிருந்து விரல் விரலாக நரம்பு பிரிந்து போவதால் வட்டத் தட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இலை எங்கள் தெருவில் இல்லை.

எல்லாவற்றையும்விடத் தேக்கு. பெரிய இலையாக இருந்தால் ஒரு துண்டு போதும். அதன் கீழ்ப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் பெரிய நரம்பு, அதிலிருந்து கிளை நரம்பு, கிளைகளுக்கு நடுவே ஏணிப்படி மாதிரி குறுக்கு நரம்பு, அதற்குள் இன்னும் பொடியாக ஒரு வலை என்று விரலுக்கே தெரியும். இளம் தேக்கிலையைக் கசக்கினால் கையெல்லாம் சிவப்பாகிவிடும். அந்தச் சிவப்பு பச்சை மண்ணிலும் ஏறும், சுட்டால் போய்விடும். நான் பறிப்பது வீட்டுக் கொல்லையிலும் வாய்க்கால் கரையிலும்தான். பாபநாசத்துக்கு மேலே போகிறவர்கள் பெரணி இலைக்கு ஆசைப்பட வேண்டாம். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்கே இருப்பது அங்கேயே இருக்கட்டும். பெரணிதான் வேண்டுமென்றால் தொட்டியில் வளர்த்துக்கொள்ளலாம், கிணற்றுச் சுவரிலும் கிடைக்கும்.

இலையைக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுப் பரத்திய மண்ணின் மேல் வையுங்கள். காம்பு தடிமனாக இருந்தால் பின்பக்கம் பிளேடால் சீவிவிடலாம், இல்லையென்றால் அந்த இடத்தில் மட்டும் பள்ளமாகிவிடும். இப்போது கட்டையை இலையின் அடியிலிருந்து நுனிப் பக்கம் ஒரே தடவை, ஒரே அழுத்தத்தில் உருட்டுங்கள். முன்னும் பின்னும் உருட்டினால் இலை நகர்ந்து ஒவ்வொரு நரம்பும் இரண்டிரண்டாகத் தெரியும். எடுக்கும்போது நகத்தால் கிளறக் கூடாது. காம்புக்குக் கீழே ஊசி நுனியை விட்டு மெல்லத் தூக்கி, காம்பைப் பிடித்து மடக்கிக்கொண்டே உரித்தால், தோல் உரிவது போலச் சத்தமில்லாமல் வரும். அந்த நேரத்தில் உள்ளே பாருங்கள். இலையில் பச்சையோடு பச்சையாகக் கலந்திருந்ததால் கண்ணுக்குப் படாத நரம்பெல்லாம் ஈர மண்ணில் நிழலோடு எழுந்து நிற்கும். பூச்சி தின்ற ஓட்டைகூட ஒரு சின்ன மேடாக விழுந்திருக்கும். பூச்சி அரித்த இலையை நான் இப்போது தேடியே பறிக்கிறேன்.

இலையை எடுத்ததும் மண்ணை வேண்டிய வடிவத்தில் வெட்டி, துணியோடு தூக்கி ஒரு எவர்சில்வர் தட்டுக்குள்ளோ குழிவான கிண்ணத்துக்குள்ளோ இறக்கினால் வடிவம் தானாக அமையும். ஓரத்தை ஈர விரலால் தடவி மழுக்கினால் போதும்.

காய வைப்பதில்தான் எங்கள் ஊருக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று இங்கே என்ன பாடு படுத்தும் என்று திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிடும். அந்தக் காற்றில் தட்டை வைத்தால் ஓரம் ஒரு நாளில் காய்ந்து, நடு ஈரமாகவே இருக்க, தட்டு கோணிக்கொள்ளும். எனக்கு மண் தருகிற அண்ணாச்சி முதலிலேயே சொல்லிவிட்டார்: “காத்துல மட்டும் வச்சிராதீங்க தாயி. நெழல்ல, துணி போட்டு மூடிக் கெடக்கட்டும். அவசரப்பட்டா மண்ணு கேக்காது.” ஜன்னல் இல்லாத அறையில், மேலே ஈரத்துணியைத் தளர்வாகப் போட்டு, தினமும் கொஞ்ச நேரம் மட்டும் திறந்து வைப்பேன். ஓரம் கையில் நிற்கிற பதம் வந்ததும் கவிழ்த்துப் போட வேண்டும், அடியும் காய வேண்டுமே. அந்தப் பதத்தில் தாமிரபரணியில் பொறுக்கிய வழவழப்பான கூழாங்கல்லால் வெளிப்பக்கத்தைத் தேய்த்தால் மெருகு ஏறும். எந்த வார்னிஷும் இந்த மினுக்கத்தைத் தராது.

முழுக்கக் காய்ந்ததா என்று பார்க்க அண்ணாச்சி கற்றுக் கொடுத்த வழி: தட்டைக் கன்னத்தில் வைக்க வேண்டும். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. “ஈரத்தோட சூளைக்குள்ள போனா தெறிச்சிரும். பக்கத்துல இருக்க பானையையும் சேத்துல்ல ஒடைக்கும்” என்பார். ஈரம் ஆவியாகி வெளியேற இடமில்லாமல் மண்ணைப் பிளந்துகொண்டு வருவதுதான் காரணம். அதனால்தான் சூளை மூட்டும்போதும் எடுத்ததும் எரிய விட மாட்டார்கள். வெகுநேரம் புகைய விட்டுத்தான் தீயை ஏற்றுவார்கள்.

சுடுவதை நான் வீட்டில் செய்வதில்லை. அவர்கள் சூளை அடுக்கும்போது என் தட்டுகளை ஒரு பெரிய பானைக்குள் அடுக்கிக் கொடுத்துவிடுவேன். ஊர்ச்சூளையில் 700, 800 டிகிரி வரை சூடு ஏறும். அந்தச் சூடு பட்ட பிறகு மண் தண்ணீரில் கரையாது. காற்று நன்றாகப் பட்ட இடத்தில் மண்ணில் இருக்கும் இரும்பு சிவந்துவிடும். காற்றுப் படாமல் புகையும் சாம்பலும் மூடிய இடம் கறுத்துப்போகும். என் ஆமணக்குத் தட்டு ஒன்று பாதி சிவப்பு, பாதி கறுப்பாக வந்தது. அண்ணாச்சி அதைத் தள்ளி வைக்கப் பார்த்தார், நான் விடவில்லை.

ஆதிச்சநல்லூருக்குப் போனவர்களுக்கு அந்தக் கறுப்பு சிவப்பு புதிதல்ல. 1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டிப் பார்த்து, 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்த இடம். அங்கே கண்ணாடித் தளத்துக்குக் கீழே, இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளைக் கிடந்த இடத்திலேயே பார்க்கலாம். உள்ளும் வாயும் கறுத்து, வெளியே சிவந்த பானைகள் அங்கே நிறையக் கிடைத்திருக்கின்றன. 2004-ல் தொடங்கிய அகழ்வில் கிடைத்த ஒரு பானைத் துண்டில் ஒரு பெண், நெற்பயிர், கொக்கு, மான், முதலை எல்லாம் மண்ணாலேயே ஒட்டி உருவாக்கப்பட்டிருந்தன. இதே தாமிரபரணிக் கரையில் யாரோ ஒருவர் கண்ணால் கண்டதை ஈர மண்ணில் ஏற்றி வைத்திருக்கிறார். அதைப் படித்த நாளிலிருந்து என் தட்டுக்குக் கடையில் விற்கிற அச்சு எதையும் நான் வாங்கவில்லை.

தங்க நிற பெயிண்ட் அடித்தால் எடுப்பாக இருக்கும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பெயிண்ட் முதலில் அடைப்பது அந்தப் பொடி நரம்புகளைத்தான், எதற்காக இத்தனை பாடுபட்டோமோ அதுவே போய்விடும். நிறம் வேண்டும் என்றால் சுடுவதற்கு முன்பு காவியைத் தண்ணீராகக் கரைத்துத் தட்டின் மேல் தடவி, லேசாக ஈரமான துணியால் மேலாகத் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் மட்டும் காவி தங்கி, இலை சிவப்புக் கோடாகத் தெரியும். மண்ணும் மண்ணாகவே இருக்கும்.

இந்தத் தட்டில் சாப்பாடு வைக்க வேண்டாம். பீங்கானுக்கு இருப்பது போன்ற கண்ணாடிப் பூச்சு இல்லாத மண் எண்ணெயையும் குழம்பையும் உறிஞ்சிக்கொள்ளும், நரம்புப் பள்ளத்தில் அழுக்கு தங்கும். விபூதி, குங்குமம், சாவி, வளையல் போட்டு வைக்கலாம். பிச்சிப்பூ கொட்டி வைத்தால் அவ்வளவு அழகு.

செய்கிறவர்கள் புரட்டாசிக்குள் காய வைத்துச் சூளைக்குக் கொடுத்துவிடுங்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் மண்ணும் காயாது, சூளையும் நினைத்த நாளில் மூட்ட முடியாது. நடுவில் கிடைக்கிற வெயிலில் அவர்கள் திருக்கார்த்திகைக்கு அகல் செய்ய வேண்டும், அது முடிந்ததும் பொங்கல் பானை. அண்ணாச்சி என் தட்டுகளுக்கு இவ்வளவு கூலி என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. நான் பானைக்கு உண்டான விலையைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது மதினி அடுக்கி வைத்திருப்பதில் ஒரு மீன் சட்டியோ தயிர்ச் சட்டியோ வாங்கிக்கொண்டு வருவேன். நீங்கள் போனாலும் அப்படியே செய்யுங்கள்.