டிசம்பர் 28க்குள்

நவம்பர் 21, 2025

பழைய பாஸ்போர்ட்டையும் புதியதையும் ரப்பர் பேண்ட் போட்டு பீரோவில் வைத்தேன். அம்மா கட்டிலில் படுத்தபடியே, "மூலைய வெட்டிருக்கானே, அது செல்லுமாட்டி?" என்றாள். செல்லும். அமெரிக்க வேலை விசா, ஹெச்-1பி, பழையதில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் கிழியாமல் இருந்தால் போதும், இரண்டையும் சேர்த்துக் காட்டலாம்.

நவம்பர் 23

புனலூர் ஹோம் நர்ஸ் இன்றும் வரவில்லை.

நவம்பர் 26

தூக்கம் வரவில்லை. விசாவில் பழைய கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அவர்கள் எனக்காகப் போட்ட விசா மனுவை வாபஸ் வாங்கியிருப்பார்கள், வாங்காமல் விடுகிற ஆட்கள் இல்லை. புது கம்பெனி அட்டர்னிக்கு எழுதினால் பதில் ஒரே வரி: பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப் காலாவதி ஆகாதவரை அதிலேயே நுழையலாம், புது கம்பெனியின் மனு ஒப்புதல் கடிதமான ஐ-797ஐயும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சரி. கூடவே வேலைக் கடிதம், கடைசி சம்பளச் சீட்டுகள்.

ஸ்டாம்ப் காலாவதி டிசம்பர் 28. புது கம்பெனியின் மனு 2028 வரை இருக்கிறது. அங்கே இருக்கவும் வேலை பார்க்கவும் அது போதும். உள்ளே நுழையத்தான் ஸ்டாம்ப். நுழையும் நாளில் அதற்கு உயிர் இருக்க வேண்டும். 29 ஆகிவிட்டால் சென்னையில் இன்டர்வியூ, அப்புறம்தான் விமானம். செப்டம்பரிலிருந்து எங்களுக்கு டிராப்பாக்ஸும், அதாவது இன்டர்வியூ இல்லாமல் பேப்பரை மட்டும் கொடுத்துப் புதுப்பிக்கும் வழியும், கிடையாது.

அம்மாவின் உடைந்த இடுப்பு எலும்புக்கு இந்தத் தேதியெல்லாம் தெரியுமா? அது தன் பாட்டுக்குக் கூடுகிறது.

நவம்பர் 27

கூரியர் தென்காசி வரை வந்துவிட்டதாகக் காட்டுகிறது. ஐ-797 ஒரிஜினல் அதில்தான். ஸ்கேன் காப்பி இருக்கிறதே என்கிறான் தம்பி. அவனுக்கென்ன.

நவம்பர் 30

பக்கத்து வீட்டுச் சித்தப்பா: "ஒரு லட்சம் டாலர் கட்டணுமாம்லா? டிவில சொன்னான்." அது செப்டம்பர் 21க்குப் பிறகு போடும் புது மனுக்களுக்கு, ஏற்கெனவே விசா கையில் இருப்பவர்களுக்கு இல்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பாதியாவது கட்டணுமா?" என்றார். மதினி சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 1

கூரியர் இன்னும் தென்காசியில்தான். எட்டு கிலோமீட்டர்கூட இருக்காது, நடந்தே போயிருப்பேன்.

டிசம்பர் 3

கார்த்திகை தீபம். அம்மாவைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்க வைத்தோம். வாக்கரை வலதுபக்கம் இழுக்கிறாள். முகத்தில் வலி தெரிகிறது, வாயில் இல்லை.

கூரியர் வந்தது. தெருவில் விளக்குகள் எரிய, நான் டியூப்லைட்டுக்குக் கீழே என் பெயரின் ஸ்பெல்லிங் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 5

15ஆம் தேதியிலிருந்து ஹெச்-1பி, அதன் குடும்ப விசாவான ஹெச்-4 விண்ணப்பம் போடுபவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டுமாம். குற்றாலத்தில் ஈரத்தலையோடு எடுத்த போட்டோக்களை எந்த அதிகாரி உட்கார்ந்து பார்ப்பாரோ. எனக்கு இப்போது தேவையில்லை. 28க்குள் போய்விட்டால் தேவையில்லை.

டிசம்பர் 10

கடையநல்லூர் தோழி போனில் அழுதாள். சென்னையில் 18ஆம் தேதி அப்பாயின்ட்மென்ட், பொதிகையில் டிக்கெட்கூடப் போட்டுவிட்டாள். மார்ச்சுக்குத் தள்ளி மெயில் வந்திருக்கிறது. பழைய தேதியிலேயே போய் நின்றால் உள்ளே விட மாட்டார்கள் என்று தூதரகமே அறிவித்திருக்கிறது. புருஷனும் பிள்ளையும் டாலஸில்.

ஆறுதல் சொல்லிவிட்டு போனை வைத்தவுடன் செய்த முதல் காரியம், பீரோவைத் திறந்து என் ஸ்டாம்ப் தேதியைப் பார்த்தது. 28தான்.

டிசம்பர் 12

டாக்டர் 19ஆம் தேதி எக்ஸ்ரே பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். டிக்கெட்டை 21க்கு மாற்றினேன். "நீ முதல்ல கெளம்பு. நான் என்ன ஓடியா போகப்போறேன்" என்கிறாள் அம்மா.

டிசம்பர் 14

பாட்டி பிறந்தது திருவிதாங்கூரில். 1956 நவம்பர் 1இல் எங்கள் செங்கோட்டை இந்தப் பக்கம், மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தபோது அவள் இதே வீட்டில் இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்திருப்பாள். யாரும் எந்த பேப்பரும் கேட்கவில்லை. ஊர் வளைவில் திருவிதாங்கூர்ச் சங்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பழைய கம்பெனி பெயரைப் பார்த்து விமானக் கவுன்டர் பெண் குழம்பினால் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 19

எலும்பு கூடுகிறது! திருவனந்தபுரத்திலிருந்து திரும்பும்போது தென்மலை தாண்டி ஆரியங்காவு வரை ஐயப்ப சாமிகளின் வண்டிகள், நகரவே இல்லை. அம்மா காரில் தூங்கிவிட்டாள். புளியரை செக்போஸ்ட் தாண்டியதும் விழித்து, பார்டர் பரோட்டா வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தோம்.

டிசம்பர் 20

பெட்டி கட்டியாச்சு. யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

டிசம்பர் 22

திருவனந்தபுரம் கவுன்டரில் அந்தப் பெண் பயந்தபடியே சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். அவர் ஐ-797ஐப் பார்த்தார், தலையாட்டினார், முடிந்தது.

விமானம் மாறும் அபுதாபியிலேயே அமெரிக்க இமிக்ரேஷன் நடந்துவிடுகிறது. திருப்பி அனுப்பினால் நாலு மணி நேரத்தில் ஊர் என்று வரிசையில் நிற்கும்போது ஒரு கணம் தோன்றியது. அது பயமா ஆசையா, தெரியாது. அதிகாரி எங்கே வேலை என்று கேட்டார். புது கம்பெனி பெயரைச் சொன்னேன். எப்போது மாறினாய்? மார்ச். கைரேகை, போட்டோ, போ. ஸ்டாம்பிலிருந்த பழைய பெயரை அவர் படித்த மாதிரியே தெரியவில்லை. இத்தனை ராத்திரிகளை யாரிடம் திருப்பிக் கேட்பது?

இறங்கியதும் எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94ஐ இணையத்தில் பார்த்தேன். 2028 என்றுதான் இருக்கிறது.

டிசம்பர் 27

அம்மா வாக்கர் இல்லாமல் அடுப்படி வரை போனாளாம். தம்பி திட்டியிருக்கிறான். என்னிடம், "சித்திரைக்கு வருவேல்லா?" என்றாள்.

வருவேன் என்றேன். நாளையோடு ஸ்டாம்ப் முடிகிறது. இனி போனால் சென்னையில் நின்றுவிட்டுத்தான் திரும்ப முடியும், எத்தனை மாதமோ. அதை அவளிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 30

விசா விண்ணப்பத்துக்கான டிஎஸ்-160 படிவத்தைச் சும்மா திறந்து பார்த்தேன். பழைய கம்பெனி மேலாளரின் முழுப்பெயர் கேட்கிறது.