பந்தியில் எடுத்த வீடியோ

"பழைய போட்டோ இருந்தா எடுத்துட்டு வாம்மா. வருஷவாரியா வேணும்" என்றார் பிளாஸ்டிக் சர்ஜன். சரியாப் போச்சு. எட்டாம் வகுப்புக்குப் பிறகு கேமராவைக் கண்டாலே நழுவுகிறவள் நான்.

அந்த வருஷம்தான் இடது கன்னத்தில் ஒரு பழுப்புத் திட்டு வந்தது. தேமல் என்று அம்மா மஞ்சள் பூசினாள். திட்டு மெல்ல மெல்லக் குழியானது. ஒருக்களித்துப் படுப்பதால் என்றார் அத்தை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதால் என்றார் பக்கத்து வீட்டு மாமி. வலப்பக்கமே படுத்துப் பார்த்தேன், கன்னம் கேட்கவில்லை.

நோயின் பெயர் தெரிய ஐந்து வருஷம் ஆனது: பாரி-ராம்பெர்க். எனக்கு முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிதான் ஞாபகம் வந்தார். இவர் வேறு பாரி, இங்கிலாந்தில் பாத் நகரத்து டாக்டர். அவர் குறித்துவைத்தது, இறந்தபின் 1825-இல் அச்சானது. 1846-இல் ஜெர்மனியின் ராம்பெர்க் விரிவாக எழுதினார். முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தோல், அடியிலுள்ள கொழுப்பு, தசை, சிலருக்கு எலும்புகூட மெலியும். அந்தப் பாரி கொடுத்தார், இந்தப் பாரி எடுத்துக்கொண்டார்.

நோயை அடக்க வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து. ஞாயிற்றுக்கிழமை மாத்திரை, திங்கள் முழுக்கக் குமட்டல். அது அடங்கிய பிறகுதான் கன்னக் குழியைக் கொழுப்பால் நிரப்பும் ஆபரேஷன். "வீடு எரிஞ்சிட்டு இருக்கும்போது வெள்ளை அடிக்க முடியுமா?" என்றார் டாக்டர். அடங்கிவிட்டதா என்று பார்க்கத்தான் போட்டோ.

தேடினால் ஹால் டிக்கெட், ஆதார், பஸ் பாஸ். மாமா பெண் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் பக்கத்திலும் என் வலது கன்னம்தான். கடைசியில் கைகொடுத்தது கல்யாண வீடியோ. பந்தியில் லைட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வருவாரே, அவரை அன்றைக்கு மனசுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்! தம்பி அதை நிறுத்தி நிறுத்திப் படமெடுத்தான். வாய் நிறைய அப்பளம், முழு முகம், மூன்று வருஷத்துக்கு முந்தைய குழி. டாக்டர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கு. செஞ்சிடலாம்" என்றார்.

ஆபரேஷனுக்கு முன்னால் உட்காரவைத்துத்தான் பேனாவால் கோடு போட்டார். படுத்தால் கன்னம் இடம் மாறிவிடுமாம். வயிற்றிலிருந்து கொழுப்பை உறிஞ்சி, இயந்திரத்தில் சுழற்றுவார்கள். மேலே எண்ணெய், அடியில் ரத்தமும் நீரும், நடுவில் மஞ்சளாக நிற்பதுதான் சரக்கு. மழுங்கிய முனையுள்ள மெல்லிய குழாயால் துளித்துளியாக வைக்கிறார்கள். மொத்தமாகத் திணித்தால் உள்ளே ரத்தம் எட்டாமல் கொழுப்பு செத்துவிடும். எனக்கு 28 மில்லி.

ஒரு வாரம் முகம் பூரி மாதிரி இருந்தது. வலியெல்லாம் வயிற்றில்தான், யாரோ மிதித்த மாதிரி. மூன்றாம் மாதம் பாதி கரைந்துவிட்டது. முன்பே சொல்லியிருந்தார்கள், ஆனாலும் கண்ணாடி முன்னால் அழுதேன். ஏழு மாதம் கழித்து இரண்டாம் தடவை. அது நின்றது.

இப்போது சிக்கல் வேறு. கன்னத்துக்குப் போனாலும் அது வயிற்றுக் கொழுப்புதானே, எடை கூடினால் கூடவே பருக்கிறது. நான்கு கிலோ ஏறியிருக்கிறேன், இடது கன்னம் வலதை முந்துகிறது. அடுத்த மாதம் டாக்டரிடம் திட்டு நிச்சயம். அம்மாவோ இன்னொரு நெய் தோசையை இலையில் போட்டுவிட்டு, "கன்னத்துக்கு" என்கிறாள்.