கொண்டை ஊசி வளைவில் ஒரு பஸ்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதையே ஒரு சின்ன கேமாகச் செய்துகொண்டிருக்கிறேன், கோடாட் என்ற கேம் உருவாக்கும் எஞ்சினில். இலவசம், 2014-இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது, என் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது, வேறென்ன வேண்டும்?

புதிதாகக் கற்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது டெல்டா. பஸ்ஸை ஃபிரேமுக்கு (திரையில் படம் ஒருமுறை புதிதாக வரையப்படுவதுதான் ஃபிரேம்) 5 பிக்சல் நகர்த்து என்று எழுதினால், நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் 300 பிக்சல் போகும், 30 ஃபிரேமுக்கே மூச்சு வாங்கும் கணினியில் 150தான், அதாவது அஸ்தம்பட்டி நண்பர் வீட்டில் பறக்கிற பஸ் என் வீட்டில் உருளும். வேகத்தை நொடிக்கு 300 என்று வைத்து, முந்தைய ஃபிரேமுக்குப் பிறகு கடந்த நேரத்தால், அதுதான் டெல்டா, பெருக்கிவிட்டால் எங்கும் ஒரே ஓட்டம்.

படம், அலங்காரம் எல்லாம் அப்புறம். என் பஸ் இன்னும் வெறும் சிவப்புக் கட்டம்தான். பக்கத்து வீட்டுப் பையன் அதையே விடாமல் ஓட்டிவிட்டு, "அண்ணா, வளைவுல ஹாரன் அடிக்கணும்ல?" என்றான். சரிதானே! இந்த வாரம் ஹாரன் சேர்க்கிறேன். இறங்கும்போது, ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டால் கூடுதல் பாயின்ட்.