அப்பாவின் குரல் மட்டும் ஏன் போகவில்லை

அப்பாவின் அறை வீட்டின் கடைசியில் இருக்கிறது. ஹாலில் உள்ள ரவுட்டருக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவே இரண்டு சுவர்கள், ஓர் இரும்பு பீரோ. தினமும் இரவு எட்டு மணிக்கு அக்கா வீடியோ காலில் வருவாள். நாள் முழுக்க அப்பா காத்திருப்பது அந்த அரை மணி நேரத்துக்குத்தான். ஒரு மாதமாக அது சரியாக அமையவில்லை. "கேட்கலப்பா, கேட்கலப்பா" என்று அக்கா சொல்ல, இவர் இன்னும் சத்தமாகப் பேசிப் பார்த்துவிட்டு, களைத்துப் போய் போனை வைத்துவிடுவார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். இணைப்பு தரும் நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தேன். அவர்கள் சோதித்துவிட்டு லைனில் கோளாறு இல்லை என்றார்கள். நான் நம்பவில்லை. ஆனால் அவர்கள் சொன்னது சரி.

அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. லேப்டாப்பை அப்பாவின் அறைக்கு எடுத்துப் போய், வெளியே எந்தத் தளத்துக்கும் போகாமல், ரவுட்டருக்கே பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க அனுப்பும் சின்னச் செய்தி) அனுப்பினேன். எங்கள் ரவுட்டரின் முகவரி 192.168.1.1. ஹாலில் 2, 3 மில்லி விநாடியில் பதில் வந்த அதே ரவுட்டர், இந்த அறையில் 300 வரை எடுத்துக்கொண்டது. நடுநடுவே பதிலே இல்லை. ஹாலில் கேபிள் மாட்டிய கணினியில் இருந்து வெளியே பிங் அனுப்பினால் துளி ஆட்டம் இல்லை. கோளாறு வீட்டுக்குள்ளே, ரவுட்டருக்கும் இந்த அறைக்கும் இடையில்தான் என்று அப்போதே தெளிவாகிவிட்டது. வைஃபை தகராறு என்று யார் சொன்னாலும் முதலில் இந்தப் பிங்கைத்தான் போட்டுப் பார்க்கச் சொல்வேன். வேகச் சோதனைத் தளங்கள் வீட்டுக்குள் இருக்கும் தூரத்தையும் வெளியே இருக்கும் தூரத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். எங்கே அடைப்பு என்று அதிலிருந்து தெரியாது.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அப்பாவின் போனில் சிக்னல் கோடுகள் ஓரளவு நன்றாகவே இருந்தன. அக்கா பேசுவது அவருக்குக் கேட்டது, இவர் பேசுவதுதான் அவளுக்குப் போகவில்லை. இதை நான் முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். அந்தக் கோடுகள் சொல்வது ரவுட்டரின் குரல் போனுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மட்டும்தான். போனின் குரல் ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பதை அவை சொல்வதில்லை. பெரும்பாலும் ரவுட்டரை விட போன் குறைந்த சக்தியில்தான் ஒலிபரப்பும். ரவுட்டர் பக்கத்தில் ஏதாவது இரைச்சல் இருந்தால், தூரத்தில் இருந்து வரும் அந்த மெல்லிய குரல்தான் முதலில் அமுங்கிப் போகும்.

ரவுட்டர் பக்கத்தில் என்ன இரைச்சல்? முதலில் அக்கம்பக்கத்து வைஃபை என்று நினைத்தேன். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 மட்டும்தான். எங்கள் ரவுட்டர் தானாக 4-இல் போய் உட்கார்ந்திருந்தது. 1-லும் 6-லும் இருந்த அக்கம்பக்கத்து இணைப்புகள் இரண்டுமே அதன்மேல் ஏறின. ஒரே சேனலில் இருப்பவை ஒன்றை ஒன்று கேட்டு, முறை வைத்துப் பேசும். பாதி மட்டும் ஏறினால் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். 11-க்கு மாற்றி, அகலத்தை 40-இல் இருந்து 20-க்குக் குறைத்தேன். 300 என்றிருந்தது 120 ஆனது. பதில் வராமல் போவது நிற்கவில்லை.

அப்புறம்தான் இது எப்போது தொடங்கியது என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒரு மாதத்துக்கு முன்னால், குடும்பப் படங்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று ஒரு ஹார்ட் டிஸ்கை ரவுட்டரின் யூஎஸ்பி 3.0 துளையில் மாட்டியிருந்தேன். அது ஆன்டெனாவுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வயரைப் பிடுங்கினேன். பிங் 6. மறுபடி மாட்டினேன், 120. மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் அதேதான்.

யூஎஸ்பி 3.0 இணைப்பு வேலை செய்யும்போது அதன் கருவியில் இருந்தும் வயரில் இருந்தும் கசியும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழுகிறது. இதைப் பற்றி இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஹாலில் இருந்த எங்கள் போன்களெல்லாம் வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் இருந்ததால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த அலை இரண்டு சுவர் தாண்டுவதற்குள் தேய்ந்துவிடும், அதனால் அப்பாவின் போன் மட்டும் 2.4-ஐப் பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் வைஃபை நன்றாக இருக்க, அவருக்கு மட்டும் இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். "உங்கள் போன் பழசுப்பா" என்று அவரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தைக்காக வருந்துகிறேன்.

எங்கள் ரவுட்டரில் அந்தத் துளையை யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறக்கும் வசதி இருந்தது. இறக்கினேன். படங்கள் நகலாவது மெதுவாகிவிட்டது, ஆனால் அது ராத்திரியில் நடக்கிற வேலை, பரவாயில்லை.

இதோடு இன்னொன்றும் கிடைத்தது. கேபிளில் சோதித்தபோது வேகம் 94 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவே இல்லை, நாங்கள் வாங்கியிருப்பதோ 200. இந்த 94-ஐ எங்கே பார்த்தாலும் உடனே கேபிளைச் சந்தேகப்படலாம். ஜிகாபிட் வேகத்துக்கு உள்ளே இருக்கும் எட்டு கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடும், அதற்கு நான்கு கம்பிகள் போதும். ரவுட்டருக்கு வரும் கேபிள் ஒரு மேசைக் காலின் கீழ் நசுங்கிக் கிடந்தது. மாற்றியதும் 190-ஐத் தாண்டியது.

அப்பாவின் அறைக்கு ஒரு கேபிள் இழுத்து, அங்கேயே சின்னதாக ஓர் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகத் தரும் பெட்டி) வைக்கும் எண்ணம் இருக்கிறது. வைஃபை வழியாகவே வாங்கித் திருப்பி அனுப்பும் சாதாரண ரிப்பீட்டர் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே அலையில் வாங்கவும் அனுப்பவும் செய்தால் வேகம் பாதியாகிவிடும். அவசரம் ஒன்றும் இல்லை. நேற்று அக்காவிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். கதவு சாத்தியிருந்தும் அவர் சிரிப்பது ஹால் வரை கேட்டது.