சத்திரசிகிச்சைக்கு முந்திய 28 கதிர்ச்சிகிச்சை நாட்கள்

மலத்தோடு இரத்தம் போவதை மூலவியாதி என்று எண்ணி ஏழு மாதங்களைக் கடத்தியது என் தவறு. எம்.ஆர்.ஐ படம் எடுத்தபோது, நேர்குடலில் (குடலின் கடைசிப் பகுதியில்) இருந்த புற்றுநோய்க் கட்டி குடற்சுவரைத் தாண்டிச் சுற்றியுள்ள கொழுப்புக்குள் இறங்கியிருப்பதும், அருகே இரண்டு நிணநீர்க் கணுக்கள் பருத்திருப்பதும் தெரிந்தன. "பிறகேன் தம்பி, உடனே வெட்டி எடுக்காமல் வைத்திருக்கிறார்கள்?" என்று அக்கா அழுதார். எனக்கும் அதே கேள்விதான்.

வைத்தியர் ஒரு தாளில் இடுப்பெலும்பை வரைந்து காட்டினார். அந்த ஒடுங்கிய இடத்தில் பெரிய கட்டியை அப்படியே அறுத்தால் ஓரத்தில் சில கலங்கள் எஞ்சி மீண்டும் முளைக்கக்கூடும். கதிர்ச்சிகிச்சையோடு புற்றுநோய் மருந்தும் கொடுத்து முதலில் சுருக்கினால் முழுமையாக எடுக்கும் வாய்ப்பு கூடும். 2004 இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்றில், இச்சிகிச்சையைச் சத்திரசிகிச்சைக்குப் பின் பெற்றவர்களில் 13 சதவீதமானோருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியது. முன்னரே பெற்றவர்களில் அது 6 சதவீதம். உயிர்வாழும் காலத்தில் வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைதான் என்னைச் சம்மதிக்கச் செய்தது.

திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு 1.8 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) வீதம் 28 தடவைகள், மொத்தம் 50.4 கிரே. அந்த நாட்களில் காலையும் இரவும் சாப்பிட்டு அரை மணிக்குள் கெப்பசிற்றபின் என்ற புற்றுநோய் மாத்திரைகள். களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்குப் பேருந்தில் போய், கல்லடிப் பாலம் தாண்டியதும் தண்ணீர் குடிக்கத் தொடங்குவேன். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் சிறுகுடல் மேலே தள்ளப்பட்டுக் கதிரிலிருந்து விலகும் என்று சொல்லியிருந்தார்கள். கதிர் படும்போது வலியே இல்லை. மூன்றாம் வாரத்திலிருந்துதான் வயிற்றோட்டமும், சிறுநீர் கழிக்கையில் எரிவும், உள்ளங்கை சிவந்து தோல் உரிதலும் தொடங்கின. வயிற்றோட்டத்தைச் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் ஒளித்தேன்; தாதி கண்டுபிடித்து, மாத்திரையை நிறுத்திவைத்து, உடலில் நீர் வற்றாமல் காத்தார். இதை யாரும் ஒளிக்க வேண்டாம்.

சிகிச்சை முடிந்தபின் எட்டு வாரங்கள் காத்திருந்தோம். கதிரின் வேலை அப்போதும் உள்ளே நடந்துகொண்டிருக்கும் என்றார்கள். மறுபடி எடுத்த படத்தில் கட்டி பாதிக்கும் மேல் சுருங்கியிருந்தது. சத்திரசிகிச்சையில் நேர்குடலைச் சுற்றிய கொழுப்பு உறையோடு சேர்த்து எடுத்து, குடல் இணைப்பு ஆறும்வரை மலம் வெளியேற வயிற்றில் தற்காலிகப் பை வைத்தார்கள். வெட்டிய ஓரங்களில் புற்றுநோய்க் கலங்கள் இல்லை என்ற அறிக்கையை அக்காவுக்கு நானே வாசித்துக் காட்டினேன்.